கேரேஜ் பில்லில் தகராறா? பெங்களூரில் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கப் போனால் சொன்ன தொகையைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பில் வருகிறது. வாய்ச்சண்டை போட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்று கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இது பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அநியாயமாக வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் சின்னத் தொகைக்கென்று தனி கோர்ட் இருக்கிறதாமே, இங்கே உண்டா?

பெங்களூரிலும் ஸ்மால் காசஸ் கோர்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே போனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான். கேரேஜ் பில் தகராறுக்கு நமக்கு ஏற்ற இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எல்லோரும் கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்வது இதைத்தான். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது இயங்குகிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அந்தத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. கார், பைக் பில்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டியை வைத்துச் சம்பாதிப்பவன் நுகர்வோர் இல்லை என்கிறார்களே?

வியாபார நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழிலாக, சொந்தப் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவருக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. சொந்த ஆட்டோவை நீங்களே ஓட்டிக் குடும்பம் நடத்தினால் தாராளமாகப் புகார் தரலாம். அந்த விவரத்தைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பத்து கேப் வாங்கி டிரைவர் வைத்து ஓட்டும் முதலாளிக்கு இது கடினம்.

பில் கட்டாமல் வண்டியைத் தரமாட்டேன் என்கிறார்கள். அப்படிப் பிடித்து வைக்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, ஒரு பொருளின் மேல் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் தனக்கு நியாயமாகச் சேர வேண்டிய கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளைக் கையில் வைத்திருக்கலாம் என்கிறது. அதனால் ‘என் வண்டியைத் திருடிவிட்டார்கள்’ என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினால், இது சிவில் தகராறு என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். ஷெட்டுக்குள் புகுந்து சாவியைப் பிடுங்குவதும் வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதோடு போய்விடும்.

ஆனால் அந்த உரிமை, சேர வேண்டிய கூலிக்குத்தான். நீங்கள் சொல்லாத வேலைக்கான கூலி சேர வேண்டிய கூலியா என்பதுதான் சண்டையே. கையில் பணம் இருந்தால் நான் சொல்லும் வழி இது: முழுத் தொகையையும் கட்டி வண்டியை எடுங்கள், ஆனால் சம்மதித்துக் கட்டியதாக ஆகிவிடக் கூடாது. பில்லின் மேலேயே ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுப் படம் எடுங்கள். கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்:

“அண்ணா, பிரேக் சத்தத்துக்காக 12-ஆம் தேதி வண்டி விட்டேன். 6,500 ரூபாய் ஆகும் என்று சொன்னீர்கள். பில் 17,837 ரூபாய் வந்திருக்கிறது. என்னைக் கேட்காமல் செய்த வேலைக்கான 11,337 ரூபாயை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி அவசரமாகத் தேவைப்படுவதால் ஆட்சேபத்துடன் முழுப் பணமும் கட்டுகிறேன். மாற்றிய பழைய ஸ்பேர்களைத் தயவுசெய்து கொடுங்கள்.”

மெக்கானிக் தமிழர் என்றால் தமிழில், இல்லாவிட்டால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, நீங்கள் வழக்கமாக அவரிடம் பேசுகிற மொழியில் போதும். மரியாதை குறையாமல், தொகையையும் தேதியையும் சரியாகச் சொல்லுங்கள். பிற்பாடு ஆணையத்தின் உறுப்பினர்கள் படிக்கப்போகும் செய்தி இது.

பணம் கட்ட வழியே இல்லையா? அப்போதும் நீங்கள் நுகர்வோர்தான். பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, கொடுப்பதாக ஒத்துக்கொண்டவரும் பகுதி கொடுத்தவரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்கள். புகாரோடு சேர்த்து, அதே சட்டத்தின் 38(8) பிரிவின்கீழ் வண்டியை விடுவிக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்கலாம். தகராறு இல்லாத தொகையைக் கட்டத் தயார் என்று நீங்களாகவே சொல்லிவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

பில்லில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் நிதானமாக உட்கார வேண்டும். மேலே சொன்ன 17,837 ரூபாய் பில்லையே எடுத்துக்கொள்வோம். அதில் கேட்ட வேலை, முன்பக்க பிரேக் பேட் மாற்றுவதும் அதைச் சேர்ந்த சில்லறை வேலையும். கேட்காமல் சேர்ந்தவை: இன்ஜின் ஃப்ளஷ் 1,450, ஏ.சி. கிருமிநீக்கம் 1,200, கன்ஸ்யூமபிள்ஸ் 900, சஸ்பென்ஷன் புஷ் கிட் 4,800, அதை மாட்ட லேபர் 2,600. இதுவே 10,950 ஆகிவிட்டது. ஆட்சேபித்த 11,337-இல் மீதி 387 ரூபாய் எங்கே?

பிரேக் பேட் பெட்டியின் மேல் அச்சடித்த எம்.ஆர்.பி. 2,150. பில்லில் போட்டிருப்பது 2,537. அதாவது எம்.ஆர்.பி.யின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்திருக்கிறார்கள். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் உள்ளடங்கிய விலை. பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன் கீழ் உள்ள பொதி விதிகளுக்கு விரோதம். சரியாகப் போட்டிருந்தால் பொருளின் விலை சுமார் 1,822, வரி சுமார் 328, மொத்தம் 2,150 என்று வந்திருக்கும். மெக்கானிக் வேண்டுமென்றே செய்தாரா, கணக்கெழுதும் பையன் தெரியாமல் போட்டாரா என்பது நமக்கு முக்கியமில்லை. வாதத்துக்கே இடமில்லாத தவறு இது, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அதனால் புகாரில் இதை முதலில் வையுங்கள். ஸ்பேர் வந்த காலிப் பெட்டியை எப்போதும் கேட்டு வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

அப்புறம் வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே விகிதமாக 18 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன் பல ஸ்பேர்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய சாஃப்ட்வேரில் 28 என்று பில் வந்தால் தேதியைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து கொண்டது, கர்நாடகக் கடை என்றால் 29-இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயரும், சாதாரணப் பதிவா காம்போசிஷன் பதிவா (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரி முறை) என்பதும் தெரியும். காம்போசிஷன் முறையில் இருப்பவர் உங்களிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது.

‘கன்ஸ்யூமபிள்ஸ்’, ‘இதர செலவு’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் என்ன பொருள், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்குச் சாட்சி.

எஸ்டிமேட் வாயால்தான் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. போச்சா?

போகவில்லை. வண்டி விடும்போது கேரேஜில் எழுதும் வேலைச் சீட்டில், அதாவது ஜாப் கார்டில், நீங்கள் சொன்ன குறை எழுதியிருக்கும். ‘பிரேக் சத்தம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், இன்ஜின் ஃப்ளஷுக்கு யார் அனுமதி தந்தார்கள் என்று கேரேஜ்தான் பதில் சொல்ல வேண்டிவரும். போன் அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப் குரல் செய்தி, கூட வந்தவரின் பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) எல்லாம் உதவும். ஆனால் ஜாப் கார்டில் ‘தேவையான எல்லா வேலையும் செய்யலாம்’ என்று பொடி எழுத்தில் இருந்து, அதன் கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால் நிலைமை சிக்கல்தான்.

இனிமேல் வண்டி விடும்போது ஜாப் கார்டிலேயே ‘இவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் போன் செய்து கேட்கவும்’ என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். ஓடோமீட்டர், பெட்ரோல் அளவு, வண்டியின் நாலு பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனை மெக்கானிக். பில்லே தரவில்லை.

பில் தராமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. நீங்கள் கூகுள் பேயிலோ போன்பேயிலோ கட்டிய பதிவு பணம் கொடுத்ததற்குச் சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அன்றே ‘இவ்வளவு கொடுத்தேன்’ என்று ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். ஒன்று மட்டும் மனசாட்சியோடு சொல்கிறேன்: ஐநூறு, ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு மரத்தடி மெக்கானிக்கைக் கோர்ட்டுக்கு இழுக்காதீர்கள். முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

பில் சரிதான், ஆனால் ரிப்பேர் சரியில்லை. பழைய குறை அப்படியே இருக்கிறது.

சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் தருபவர் மேல்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘ஓட்டிப் பார்த்தேன், சரியில்லை’ என்பது போதாது. வேறொரு நல்ல ஒர்க்ஷாப்பில் காட்டி, என்ன குறை, எந்த வேலை செய்யப்படவில்லை அல்லது தப்பாகச் செய்யப்பட்டது என்று அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் அந்த மெக்கானிக்கிடமிருந்து ஒரு பிரமாண வாக்குமூலமும் வாங்குங்கள். பல வழக்குகள் இந்த ஒரு காகிதம் இல்லாமல்தான் விழுகின்றன.

இரண்டாவது கடையில் பிரித்துச் சரிசெய்வதற்கு முன்னால் முதல் கேரேஜுக்கு ‘வந்து பார்த்துக்கொள்ளுங்கள், இத்தனை நாள் காத்திருக்கிறேன்’ என்று எழுத்தில் வாய்ப்பு கொடுங்கள். கொடுக்காவிட்டால், ‘வேறு ஆள் கை வைத்துக் கெடுத்துவிட்டார்’ என்று சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள்.

நேராகப் புகார் தரலாமா, நோட்டீஸ் அனுப்ப வேண்டுமா?

நோட்டீஸ் அனுப்புவதுதான் நல்லது. ஒரு பக்கம் போதும்: வண்டி எண், விட்ட தேதி, சொன்ன வேலை, சொன்ன தொகை, பில் தொகை, பில்லில் ஆட்சேபிக்கும் ஐட்டங்கள், எவ்வளவு திரும்ப வேண்டும், 15 நாள் கெடு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான பதிவை இணையத்தில் எடுத்து வையுங்கள்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், ஆனால் உங்கள் புகாரைக் கடைக்கோ கம்பெனிக்கோ அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெயர் கெடுமே என்று யோசிக்கும் பெரிய சர்வீஸ் சென்டர்களிடம் இதற்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 1915-இல் புகார் தந்துவிட்டதாலேயே காலக்கெடு நின்றுவிடாது. பிரச்சினை உண்டான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் ஆணையத்தில் புகார் பதிவாகிவிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

புகாரை எங்கே, எப்படிப் பதிவு செய்வது?

2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். நேரில் போவதென்றால் பெங்களூர் நகர மாவட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆணையங்கள் இருக்கின்றன. சாந்திநகர் பஸ் நிலையத்தை ஒட்டிய பி.எம்.டி.சி. கட்டடத்தில் சில இயங்கிவருகின்றன. உங்கள் பகுதி எதில் வருகிறது, எத்தனை செட் காகிதம் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஜெராக்ஸ் எடுங்கள்.

தர வேண்டியவை: நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் புகார் மனு, அது உண்மை என்ற பிரமாண வாக்குமூலம், எதிர்தரப்பின் சரியான பெயரும் முகவரியும், இணைப்புகளின் பட்டியல். போர்டில் இருக்கும் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கலாம், ஜி.எஸ்.டி. தளத்தில் காட்டும் சட்டப்பூர்வப் பெயரைப் போடுங்கள். மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதுதான் இங்கே நடைமுறை. தமிழ் வாட்ஸ்அப் உரையாடலை இணைத்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்திலேயே வையுங்கள். மின்னணுச் சாட்சிகளுக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி, அந்தப் பதிவு எந்தச் சாதனத்திலிருந்து எடுத்தது என்று சொல்லும் சான்றிதழையும் இணைத்துவிட்டால் எதிர்தரப்பு அதைப் பிடித்துத் தொங்க முடியாது.

வழக்கு பெரும்பாலும் வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவாகும். சினிமாவில் வருவதுபோலக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் அம்மாவோ அக்காவோ பெயரில் வண்டி இருந்தால் அவர்கள் பெயரிலேயே புகார் எழுதி, உங்களுக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

கூடுதலாக வாங்கிய தொகை, அதற்கு வட்டி, அலைந்ததற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு என்று நான்கு தலைப்பில் கேட்கலாம். வண்டி இல்லாத நாட்களில் ஆட்டோவுக்கோ கேபுக்கோ செலவழித்திருந்தால் ரசீதோடு சேருங்கள்.

11,000 ரூபாய்த் தகராறுக்கு 5 லட்சம் மன உளைச்சல் கேட்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கட்டணம் நீங்கள் கொடுத்த பில் தொகையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல என்பதால், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிவிடுகிறார்கள். எழுதலாம்தான், ஆனால் மனுவின் மற்ற வரிகளின் மேல் உள்ள நம்பிக்கையும் அதோடு குறையும். அதேபோல பில்லில் பலவீனமான ஐட்டத்தை விட்டுவிடவும் தயாராக இருங்கள். சஸ்பென்ஷன் புஷ் உண்மையிலேயே தேய்ந்திருந்து, புதுசு மாட்டிய பலனை நீங்கள் இப்போது அனுபவிக்கிறீர்கள் என்றால், முழுத் தொகையும் திரும்ப வராமல் போகலாம். ‘தேவையில்லை’ என்று சாதிப்பதைவிட ‘என்னைக் கேட்கவில்லை, பழைய புஷ்ஷைக் காட்டவும் இல்லை’ என்று சொல்வது உறுதியான வாதம்.

எத்தனை நாளாகும்?

சட்டப்படி, பதிவான 21 நாளுக்குள் ஏற்பதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கேட்டால் கூடுதலாக 15 நாள். மொத்தம் 45 நாளுக்கு மேல் தர ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட முடியாதவர்கள் காணொளி மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

நடுவில் கேரேஜ்காரர் சமரசத்துக்கு வந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். ஆணையமே இருதரப்பு சம்மதத்தோடு மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாம். பேசி முடித்ததை எழுத்தில் பதிவு செய்து, பணம் கைக்கு வந்தபிறகு புகாரை முடித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் கார் கம்பெனியையும் சேர்க்கலாமா?

சேர்ப்பதில் தப்பில்லை, ஆனால் அவர்கள் மேல் உத்தரவு வரும் என்று நம்பிவிடாதீர்கள். டீலர் செய்த தவறு உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் தரப்பு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரண்டியில் செய்ய வேண்டிய வேலைக்குப் பணம் வாங்கியிருந்தால் கதை வேறு, அப்போது கட்டாயம் சேருங்கள்.

பில்லின் பின்பக்கம் ‘தகராறுகள் ஆர்பிட்ரேஷனுக்கு உட்பட்டவை’ என்று இருக்கிறதே?

ஆர்பிட்ரேஷன் என்றால் கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பு சொல்வது. அது உங்களைத் தடுக்காது. நுகர்வோர் சட்டத்தின் வழி மற்ற வழிகளோடு கூடுதலாக உள்ள வழி.

ஜெயித்தும் பணம் தராவிட்டால்?

அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 71-ஆவது பிரிவின்படி உத்தரவை சிவில் கோர்ட் டிக்ரியைப் போல நிறைவேற்றலாம். 72-ஆவது பிரிவில் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அவர்கள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போவதென்றால் 45 நாளுக்குள் போக வேண்டும், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டவும் வேண்டும். இந்தப் பாதித் தொகை நிபந்தனையாலேயே சின்ன வழக்குகளில் மேல்முறையீடு அவர்களுக்கு லாபமில்லை. நீங்கள் தோற்றால் உங்களுக்கும் அதே 45 நாள்தான்.

வண்டி தமிழ்நாட்டுப் பதிவு, ரிப்பேர் செய்தது ஓசூரில், குடியிருப்பது பொம்மசந்திராவில். எங்கே புகார் தருவது?

பெங்களூரிலேயே தரலாம். 2019 சட்டம் வந்தபிறகு, புகார் தருபவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்துக்கும் அதிகாரம் உண்டு. நம்பர் பிளேட் எந்த மாநிலம் என்பது ஒரு பொருட்டே இல்லை. வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், ஆதார் என்று உங்கள் இப்போதைய முகவரியைக் காட்டும் ஒன்றை இணைத்துவிடுங்கள். ஆதாரில் இன்னும் ஊர் முகவரியே இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும், வேலை செய்யும் கம்பெனியின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.